கேட்கவே விடாத அட்டைக்குத் தண்டனை

என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி பிரசவ வார்டில் கழிந்தது. சிலாங்கூரில் ஓர் அரசு மருத்துவமனை. வலி முற்றி, பனிக்குடம் உடைந்து, சில சமயம் குழந்தையின் தலை தெரிகிற நேரத்தில்தான் சில பெண்கள் வந்து சேருவார்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று இளம் டாக்டர்கள் சத்தம் போடுவார்கள். அந்தப் பெண்களின் வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. இரண்டு தெரு தள்ளி, கடை மாடியில் ஓர் அறைதான். முகப்பில் இருப்பவர் கேட்கப்போகும் ஒரு கேள்விக்குப் பயந்து கடைசி நிமிடம் வரை அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பார்கள். "காட் அடா?" அட்டை இருக்கிறதா?

கேட்பது ஐநா அகதிகள் ஆணையம் தரும் அட்டையை. கிள்ளானில் எல்லாரும் அதை யூஎன் கார்டு என்பார்கள். குடிமக்களான நாம் வெளிநோயாளர் பிரிவில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்கிறோம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. யூஎன் கார்டு இருந்தால் அந்தக் கட்டணத்தில் பாதி. இல்லையென்றால் முழுக் கட்டணம் மட்டுமல்ல, வேறொன்றும் காத்திருக்கிறது. ஆவணமில்லாத வெளிநாட்டு நோயாளி வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தகவல் தரவேண்டும் என்று சுகாதார அமைச்சு 2001இல் ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்தச் சுற்றறிக்கை எண் அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் நன்றாகத் தெரியும். பிள்ளை பெற்ற மறுநாள் விடியற்காலையில், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவதற்குள், கட்டில் காலியாக இருப்பதை நாங்கள் பார்த்ததுண்டு. தையல் ஆறியிருக்காது. குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்த்திருக்க மாட்டோம்.

அட்டை யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கூடாது என்பதை விசாரித்து முடிவு செய்யட்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அட்டையைக் கேட்கும் வழி எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். நம் நாட்டில் நடப்பது அப்படியில்லை. கேட்கும் வழியை அடைத்துவிட்டு, கையில் அட்டை இல்லை என்று பிடித்துப் போடுகிறோம்.

சட்டம் இப்படி இருக்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. 1959/63 குடிநுழைவுச் சட்டத்துக்கு, உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரும் விசா முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் ஒன்றே. அதன் 6ஆவது பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி. அகதி யார் என்று விசாரிக்க அரசிடம் அலுவலகம் இல்லாததால், அந்த வேலையை ஐநா ஆணையம் 1975 முதல் இங்கே செய்து வருகிறது. இப்போது பதிவில் இருப்பவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதிலும் ரோஹிங்கியாக்களே அதிகம். பாகிஸ்தான், ஏமன், சோமாலியா, ஆப்கானிஸ்தான் என்று மற்றவர்களும் உண்டு. இலங்கையர் எண்ணிக்கை சிறியது. ஆனால் அவர்கள் பேசுவது நம் மொழி என்பதால், ஓய்வு பெற்றபின் நானும் சில தோழிகளும் அவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம்.

ஒரு படிவத்தை நிரப்புவது எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். வன்னிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இடுப்பில் ஒரு குழந்தை. கணவர் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கணவரின் அண்ணன் போரின் கடைசியில் காணாமல் ஆக்கப்பட்டவர். காணாமல் போனவர்களைக் கேட்டுத் தெருவோரப் பந்தலில் உட்காரும் தாய்மாரோடு, அண்ணன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கணவரும் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சீஐடி போலீஸ் வீட்டுக்கு வரத் தொடங்கியது. சுற்றுலா விசாவில் விமானமேறி இங்கே வந்துவிட்டார்கள்.

விண்ணப்பம் கைப்பேசியில், ஆங்கிலத்தில். முதல் கட்டத்திலேயே தடங்கல். குடும்பப் பெயர் என்ன என்று கேட்கிறது. அவர்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். நமக்கு மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி போட்டுப் பின்னால் வரும். கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்துகள் ஒரு மாதிரி, இலங்கை அடையாள அட்டையில் வேறு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. எதைப் போட்டாலும் பிறகு ஒருநாள் ஓர் அதிகாரி "இது யார்?" என்று கேட்க இடமிருக்கிறது. அடுத்தது முகவரி. பத்துப் பேர் படுக்கிற மாடி அறையின் முகவரியைக் கொடுத்தால் மற்ற எட்டுப் பேருக்கும் ஆபத்து வருமோ என்று அவளுக்குக் கலக்கம். அதற்கடுத்து, நாட்டை விட்டு வந்ததற்கான சம்பவங்களைத் தேதியோடு எழுது என்கிறது.

அவள் தேதியில் நினைவு வைத்திருக்கவில்லை. முதல் முறை சீஐடி வந்தது வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை. இரண்டாம் முறை வந்தது மூத்த பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது. அந்த மூத்த பிள்ளை இப்போது அம்மம்மாவோடு ஊரில். நான் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி, அந்தப் பொங்கலை ஒட்டி வரும் வைகாசி விசாகம் அந்த வருடம் எந்த ஆங்கிலத் தேதியில் வந்தது என்று பார்த்துக் கணக்குப் போட்டேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, திகதி பிழையா எழுதினா எங்களைப் பொய் சொல்லுறம் எண்டு சொல்லுவினமோ?"

சொல்ல மாட்டார்கள் என்று நான் உறுதி தரவில்லை. எனக்குத் தெரியாது. நாள் தெரியவில்லை, மாதம் மட்டும் தெரியும் என்று எழுதினேன். அதுதான் உண்மை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓர் எண் வந்தது. அதைக் கைப்பேசியில் படமெடுத்து, தாளில் அச்சடித்து, தாளை லேமினேட் செய்து கணவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதிவுக்கான தேதி வருவதற்குள் அந்தக் கடைத்தெருவில் ரெய்டு நடந்தது. பிடித்தவர்களிடம் அவர் லேமினேட் தாளை நீட்டியிருக்கிறார். அது அட்டை இல்லையே என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு அழைப்பு வந்தது. அவள் குழந்தையோடு போனாள். அவளும் குழந்தையும் பதிவானார்கள். அதே சம்பவம், அதே பயம், அதே விண்ணப்பத்தில் முதல் பெயராக இருந்த கணவர் மட்டும் பதிவாகவில்லை. காரணம், அவர் குடிநுழைவுத் தடுப்பு முகாமில் இருக்கிறார். 2019 ஆகஸ்ட் முதல் ஐநா ஆணையத்தின் அதிகாரிகள் நம் நாட்டின் எந்தத் தடுப்பு முகாமுக்குள்ளும் போய் எவரையும் பார்க்க அனுமதி இல்லை.

அந்த மாதத்துக்கு முன்னால் அவர்கள் உள்ளே போனார்கள். உள்ளே இருப்பவரிடம் கதை கேட்டார்கள், பதிவு செய்தார்கள், அகதி என்று தெரிந்தால் வெளியே விடும்படி கேட்டார்கள். இப்போது அது முழுவதுமாக நின்றுவிட்டது. அரசாங்கங்கள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், முகாம் கதவு மட்டும் மாறவில்லை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில், சுமார் 12,000 பேர் இந்த முகாம்களில் இருப்பதாகவும் அவர்களில் ஏறத்தாழ 1,400 பேர் குழந்தைகள் என்றும் சொன்னது. குழந்தைகளுக்கென்று 2023 முதல் பைத்துல் மஹப்பா என்ற பெயரில் தனி இல்லங்கள் திறந்திருக்கிறார்கள். சுவர் வண்ணம் மாறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அங்கேயும் கதவு வெளியிலிருந்துதான் பூட்டப்படுகிறது.

மனைவி போய்ப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். யூஎன் கார்டுக்கு நம் சட்டத்தில் எந்த அந்தஸ்தும் இல்லை. அதிகாரி மனம் வைத்தால் அதைப் பார்த்துவிட்டுப் போக விடுவார். மனம் வைக்காவிட்டால் அதே 6ஆவது பிரிவு. கைக்குழந்தையோடு அவள் எப்படி அந்த வாசலில் போய் நிற்பாள்? குடிமகளான நான் போய்க் கேட்டேன். உறவுக்காரர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

வாசலை அடைத்து வைப்பதால் என்ன ஆகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மூன்று வாரம்கூட சரியாக ஆகாத நிலையில் அந்த ராணுவத்தின் கப்பல்கள் நம் லூமுட் கடற்படைத் தளத்துக்கு வந்து நின்றன. 23ஆம் தேதி காலை, முகாம்களில் இருந்த மியன்மார் நாட்டவரை அந்தக் கப்பல்களில் அனுப்பக் கூடாது என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. அன்றே 1,086 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ரோஹிங்கியாவோ அடைக்கலம் கேட்டவரோ எவரும் இல்லை என்று குடிநுழைவுத் துறை அறிவித்தது. யார் போய்க் கேட்டுச் சொன்னார்கள்? கேட்கும் பொறுப்புள்ளவர்கள் ஒன்றரை வருடமாக வாசலுக்கு வெளியே நின்றார்கள். அனுப்பப்படவிருந்த பட்டியலில் தங்களிடம் ஏற்கெனவே பதிவான ஆறு பேராவது இருந்ததாக ஐநா ஆணையம் சொன்னது. பதிவாகாமலே உள்ளே போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி, சுங்கை பாக்காப் தற்காலிக முகாமில் கலவரம் மூண்டு 528 ரோஹிங்கியாக்கள் தப்பி ஓடினார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஆறு பேர் செத்தார்கள். இரண்டு பேர் குழந்தைகள். 2024 பிப்ரவரியில் பீடோர் முகாமிலிருந்து 131 பேர் ஓடினார்கள். அங்கேயும் சாலையில் ஓர் உயிர் போனது. ஒவ்வொரு முறையும் வேலியை உயர்த்துவது பற்றிப் பேசினார்கள். எத்தனை நாள் உள்ளே இருக்கவேண்டும் என்று தெரிந்தவன் நாளை எண்ணிக்கொண்டு கிடப்பான். யாரிடம் முறையிடுவது, எப்போது முடியும் என்று எதுவுமே தெரியாதவன் இருட்டில் நெடுஞ்சாலையைக் கடக்கிறான்.

இலங்கைத் தமிழர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2014 மே மாதம் மூன்று பேரைப் பிடித்து நம் அரசாங்கம் கொழும்புக்கு அனுப்பியது. மூவரும் ஐநாவிடம் பதிவானவர்கள். அனுப்ப வேண்டாம் என்று ஆணையம் கேட்டும் அனுப்பினார்கள். பதிவு இருந்தே இந்த நிலை என்றால், பதிவே இல்லாமல் முகாமுக்குள் இருப்பவருக்காக யார் கேட்பது? வன்னிப் பெண் இரவில் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் சுற்றிச் சுற்றி வருவது இந்தக் கேள்விதான்.

நம்மால் முடியாது என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. 1978இல் வியட்நாமிலிருந்து படகுகள் குவிந்தபோது திரெங்கானுக் கரைக்கு அப்பால் இருக்கும் பீடோங் தீவில் முகாம் போட்டோம். 1979இல் அந்தச் சின்னத் தீவில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதும் படகுகளைக் கடலுக்கே இழுத்து விட்டிருக்கிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கரையேறியவர்களுக்கு ஒரு முறை இருந்தது. வந்த படகுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் ஆட்களின் பெயரை எழுதினார்கள். தபால் வந்தாலும் பேட்டிக்குக் கூப்பிட்டாலும் அந்தப் படகு எண்தான். இன்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தாத்தா பாட்டியாகிவிட்டவர்கள் அந்த எண்ணை மறக்கவில்லை. இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வியட்நாமியர் இங்கிருந்து மூன்றாம் நாடுகளுக்குப் போனார்கள். கணினி இல்லாத காலத்தில், தீவில், தாளும் பேனாவும் வைத்துச் செய்தது அது.

சட்டமும் கையைக் கட்டவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, எந்த ஒருவருக்கும் எந்த ஒரு பிரிவினருக்கும் விலக்கு அளிக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. சபாவில் தென் பிலிப்பைன்ஸ் அகதிகளுக்கு, இங்கே தங்குவதற்கான ஐ.எம்.எம். 13 பாஸ் கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகு 2005இல் ஆச்சே மக்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். வெளிப்படையாக வேலை செய்தார்கள். 2006இல் ரோஹிங்கியாக்களுக்கும் அதே பாஸுக்குப் பதிவு தொடங்கியது. இடைத்தரகர்கள் புகுந்து பணம் பார்த்தார்கள் என்ற புகார் எழ, சில வாரங்களில் நிறுத்திவிட்டார்கள். தரகரைப் பிடிப்பதற்குப் பதிலாக வரிசையைக் கலைத்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று கட்டுமான இடங்களில் சிமெண்டு சுமக்கிறார்கள்.

ஆதாரத்தோடு பேசும் எதிர்த்தரப்பையும் நான் கேட்டிருக்கிறேன். போலி யூஎன் கார்டு விற்கிறது என்கிறார்கள். உண்மை, விற்கிறது. நேர்வழியில் கேட்டால் எப்போது கிடைக்கும் என்றே தெரியாத பொருளுக்குக் கள்ளச் சந்தை வரத்தான் செய்யும். வாசலைத் திறந்தால் இன்னும் ஆயிரக்கணக்கில் வருவார்கள் என்கிறார்கள். பிரம்படியும் முகாமும் இத்தனை வருடம் இருந்தும் மியன்மாரின் ரக்கைனிலிருந்து படகு வருவது நிற்கவில்லை. ஊரில் வீடு எரியும்போது எந்த நாட்டின் குடிநுழைவு விதி எப்படி என்று விசாரித்துவிட்டு எவரும் ஓடுவதில்லை. நம் நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அந்நிய அமைப்பு தீர்மானிப்பதா என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரசே பதிவு செய்யும் என்று உள்துறை அமைச்சு பேசி வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் பதிவு வரிசையில் நிற்பவரை அந்த வரிசையிலேயே கைது செய்ய மாட்டோம் என்று சட்டத்தில் எழுதவேண்டும். வாங்கிய விவரம் அவர்கள் ஓடி வந்த நாட்டின் தூதரகத்துக்குப் போகாது என்றும் எழுதவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி எவரும் கைரேகை வைக்க மாட்டார்கள். நானாக இருந்தாலும் வைக்க மாட்டேன்.

மலேசியா இடைத்தங்கல் நாடு மட்டுமே, சீக்கிரம் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது நெடுநாளாகச் சொல்லும் சமாதானம். இங்கிருந்து அதிகம் பேரை எடுத்தது அமெரிக்கா. 2025 ஜனவரி 20 அன்று புதிய அதிபர் பதவியேற்ற நாளிலேயே அகதிகளை ஏற்கும் திட்டத்தை நிறுத்திவைத்தார். அதே ஆண்டு, பணமில்லாமல் ஐநா ஆணையம் உலகம் முழுவதும் சுமார் 3,500 வேலையிடங்களை நீக்கியது. பேட்டி எடுப்பவர், மொழிபெயர்ப்பவர், தொலைபேசி எடுப்பவர் எல்லாரும் அந்தக் கணக்கில் இருப்பவர்கள்தாம். ஆகவே ஐநா பார்த்துக்கொள்ளும் என்று நம் அரசு ஒதுங்கி நிற்கும் காலம் முடிந்துவிட்டது. பிரசவ வார்டில் நான் கையில் ஏந்திய ரோஹிங்கியாக் குழந்தைகள் இங்கேயே வளர்ந்து இங்கேயே பிள்ளை பெறுகிறார்கள். அரசுப் பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. கடை மாடியில், தன்னார்வலர் நடத்தும் வகுப்பில், நம் தேசிய மொழியை நம் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுகிறார்கள்.

இதைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாயி பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சாகும்வரை குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.தான். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்கவேண்டும் என்று வந்தபோது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட எந்தத் தாளை எங்கே கேட்பது என்று தெரியாமல் திகைத்தார்கள். பல்லாயிரம் பேர் ரஜூலா கப்பலில் ஏறி, பார்த்தே அறியாத இந்தியாவுக்குப் போனார்கள். என் அப்பாயியின் தங்கை குடும்பமும் போனது. தோட்டத்து எழுத்தரான கிராணியைப் பார்த்துப் படிவம் கொடுத்தவர்கள் தங்கினார்கள். படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் கப்பலேறினார்கள். நம் வீடுகளில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. அதனால்தான், "கள்ளத்தனமாக வந்தவங்கதானே" என்று நம்மவர்களே சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

2018 தேர்தல் அறிக்கையில் பாக்காத்தான் ஹரப்பான் கூட்டணி 1951 ஒப்பந்தத்தை ஏற்போம் என்று எழுதியிருந்தது. அதை இன்றே செய் என்று நான் கேட்கவில்லை. அதற்குக் காலம் எடுக்கலாம். முகாம் வாசலைத் திறக்க ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். முகாமுக்குள் ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர், வாரத்தில் ஒரு நாள். "ஊருக்குத் திரும்பப் பயமாயிருக்கிறது" என்று எவர் சொன்னாலும் அந்த மேசைக்கு அழைத்துப்போய்ப் பெயர் எழுதவேண்டும். விசாரணை முடியும்வரை விமானத்தில் ஏற்றக்கூடாது. வெளியே விண்ணப்ப எண் மட்டும் கையில் வைத்திருப்பவரை, பதிவுக்கு அழைப்பு வரும்வரை பிடிக்கக்கூடாது. மருத்துவமனைக்கு வருபவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையை மீட்டுக்கொள்ள வேண்டும். 55ஆவது பிரிவின் கீழ் இதில் பாதியை அமைச்சர் ஒரு கையெழுத்தில் செய்யலாம்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம் பக்கத்தில்தான் இருக்கும். போகும்போது ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்: 2019 ஆகஸ்டுக்குப் பிறகு தடுப்பு முகாம்களில் இருந்துகொண்டு அடைக்கலம் கேட்டவர்கள் எத்தனை பேர், அவர்களை யார் விசாரித்தார்கள், எத்தனை பேரை விசாரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள்? மக்களவையில் இதைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.